காதில் இல்லாத ஓட்டை

செண்பகவல்லிக்கு நடந்த அநியாயம் இதுதான்: அவள் காதில் ஓட்டை இருப்பதாக அவள் அப்பா நம்பவைத்தார். ஓட்டை இல்லை.

அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. தூத்துக்குடியிலிருந்து மாநில நீச்சல் போட்டிக்கு, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குத் தேர்வாகியிருந்தாள். சொந்தக்காரர்கள் பேசத் தொடங்கினார்கள். வயசுக்கு வந்த பிள்ளை, ஈர உடம்போடு, அத்தனை பேர் முன்னால். அப்பா யாரோடும் சண்டை போடவில்லை. தெரிந்த டாக்டர் ஒருவரிடம் மகளை அழைத்துப் போனார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இடது காது ஜவ்வில் ஓட்டை என்றார். தண்ணீர் உள்ளே போனால் காது போய்விடும், இனிமேல் குளத்தில் இறங்கவே கூடாது என்றார்.

அன்றிலிருந்து முப்பது வருடம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் தலைக்குக் குளித்தாள். கல்யாணத்தன்று காலையிலும் அப்படித்தான்.

அப்பா இறந்து சில மாதங்கள் கழித்து அவளுக்குச் சளி பிடித்துக் காது வலித்தது. புது டாக்டர் கருவியை வைத்துப் பார்த்தார். ஓட்டை பெரிதாகிவிட்டதா என்று அவள் கேட்டாள். எந்த ஓட்டை என்று அவர் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“அடிச்சு நிறுத்தியிருக்கலாம்ட்டி. உன்ன அடிக்க அவருக்கு மனசு வரல.”

இதையும் பாசம் என்று சொல்ல ஆள் இருக்கிறது. அடித்திருந்தால் அடி என்றாவது தெரிந்திருக்கும். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் ஏன் அடித்தாய் என்று கேட்டிருப்பாள். இங்கே அவள் தன் காதையல்லவா முப்பது வருடம் திட்டிக்கொண்டிருந்தாள்? யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தபோது அவர் சுவரில் மாலையோடு இருந்தார்.

அடுத்த வாரம் அவள் நீச்சல் குளத்துக்குப் போனாள்.

குரு என்றால் நரைத்த தாடி வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கதை சரிப்படாது. பயிற்சியாளர் பிளாவியா செண்பகவல்லியைவிடப் பல வருடம் இளையவள். செண்பகவல்லி அவளை மிஸ் என்று கூப்பிடுவாள். பிளாவியா இவளை அக்கா என்பாள்.

அக்காவுக்கு ஆசை ஒன்றுதான். மூத்தோருக்கான மாநிலப் போட்டி வருகிறது. அதில் ஆயிரத்து ஐந்நூறை விதித்த நேரத்துக்குள் முடித்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். பதினைந்து வயதில் ஏறாத ரயிலில் இப்போதாவது ஏற வேண்டும்.

உடம்பு நீச்சலை மறக்கவில்லை. மறக்காததுதான் தொல்லை. பதினைந்து வயதுக்காரி மாதிரி முதல் நூறு மீட்டரைப் பாய்ந்து கடந்தாள். பக்கத்து லேனில் தினமும் மிதக்க வருகிற பென்ஷன்காரர் சங்கரலிங்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

“ஏன் மேடம் தண்ணிய இந்த அடி அடிக்கீங்க? அது முழிச்சுத்தான இருக்கு.”

பாதி தூரத்தில் தோள் இறங்கிவிடும். இடுப்பு அமிழும். கடைசியில் நீந்தி முடித்தாள் என்பதைவிடக் கரை ஒதுங்கினாள் என்பதே சரி.

தினமும் இப்படியே போனது. ஒரு நாள் அவள் சுவரைப் பிடித்து இருமிக்கொண்டிருந்தபோது பிளாவியா குனிந்து கேட்டாள்.

“முதல் நூறுல யார விரட்டிட்டுப் போறீங்கக்கா?”

செண்பகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரை, பஞ்சை, அம்மாவின் முருங்கைக்கீரையை. சொல்லிவிட்டுக் கேட்டாள்.

“அந்த முப்பது வருசத்த நான் எங்க மிஸ் போய்ப் பிடிக்க?”

பிளாவியா எழுந்து போய், சுவரில் விநாடி காட்டும் பெரிய கடிகாரத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

“விரல மடக்கி வச்சுக்கிட்டு நீந்துங்க.”

மூடிய கையில் தண்ணீர் சிக்கவில்லை. செண்பகவல்லி வேகமாகக் கையைச் சுற்றினாள். உடம்பு நகரவில்லை. ஆத்திரம் வந்தது, இன்னும் வேகமாகச் சுற்றினாள். அப்போதும் நகரவில்லை. களைத்துப்போய், வேறு வழியில்லாமல், முழங்கையை மேலே நிறுத்தி முன்கை முழுவதாலும் தண்ணீரை அணைத்து மெதுவாக இழுத்தபோதுதான் உடம்பு முன்னால் போனது.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் இதே வேலை. தொடக்கத்தில் வெட்கப்படும் அளவுக்கு மெதுவாகப் போக வேண்டும். முதல் சுற்றுக்கு எடுத்த நேரம்தான் கடைசிச் சுற்றுக்கும் ஆக வேண்டும். இடையில் வேகம் தோன்றினால் அதை அங்கே செலவழிக்கக் கூடாது. பள்ளிக்கூடப் பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். ஆன்ட்டி, கொஞ்சம் ஓரமாகப் போங்கள் என்றார்கள். அவளும் ஓரமாகப் போனாள். சங்கரலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. இப்போதெல்லாம் சத்தமே வருவதில்லை, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று முங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பயிற்சியில் அவள் எடுக்கும் நேரம் குறையத் தொடங்கியது. விதித்த நேரத்துக்குள் இரண்டு முறை முடித்தாள்.

ஒன்று மட்டும் மாறவில்லை. காது. குளத்தில் பஞ்சுக்குப் பதிலாக ரப்பர் இயர்பிளக் வைத்துக்கொண்டாள். இடது காதைப் பற்றித்தான் பொய் சொல்லப்பட்டது, ஆனால் எதற்கும் இருக்கட்டும் என்று வலது காதையும் அடைத்தாள். பிளாவியா ஒரே ஒரு முறை, கழற்றிவிட்டு இறங்கிப் பாருங்கள் என்றாள். செண்பகவல்லி கழற்றினாள். கழுத்துவரை இறங்கினாள். உடனே மேலே ஏறிவிட்டாள்.

“ஓட்ட இல்லன்னு தெரியுது மிஸ். ஆனா காதுக்குத் தெரிய மாட்டேங்குது.”

பிளாவியா விட்டுவிட்டாள். வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று யாரும் வாதாடலாம். அப்படி வற்புறுத்தியிருந்தால், அவள் காதைப் பற்றி இன்னொருவர் முடிவெடுப்பது அது இரண்டாவது முறையாகியிருக்கும்.

போட்டி சென்னையில் நடந்தது. செண்பகவல்லி குதிக்கும் மேடையில் ஏறிக் குனிந்து நின்றாள். காதில் ரப்பர், அதன் மேல் இறுக்கமான தொப்பி, சுற்றிலும் கூட்டத்தின் இரைச்சல். தொடக்க ஒலி அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் மேடைகள் காலியானதைப் பார்த்த பிறகுதான் குதித்தாள்.

பெரிய இழப்பு இல்லை. நாலு முறை கை போட்டால் கடக்கிற தூரம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் அது ஒன்றுமே இல்லை, பயிற்சியில் நீந்தியது போல நீந்தினால் போதும் என்று கரையில் நின்ற பிளாவியாவுக்குத் தெரியும்.

தண்ணீருக்குள் இருந்தவளுக்கும் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. அது அடிக்கத் தொடங்கியது. முதல் திருப்பத்திலேயே பாதிப் பேரைப் பிடித்துவிட்டாள். நூறு மீட்டருக்குள் அத்தனை பேரையும் தாண்டினாள். கூட்டம் கைதட்டியது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், இந்த வயசிலும் என்னமாய்ப் போகிறாள் பாருங்கள் என்று பிளாவியாவிடம் மெச்சினார். பிளாவியா ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பாதியில் தோள் இறங்கியது. இடுப்பு அமிழ்ந்தது. ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். தேசியப் போட்டிக்கான நேரம், அவள் தாமதமாகக் குதித்ததைவிடப் பல மடங்கு அதிகமான விநாடிகளால் தவறியது.

ஏணியில் ஏறத் தெம்பில்லாமல் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிளாவியா கைகொடுத்துத் தூக்கினாள். இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். செண்பகவல்லி தொப்பியைக் கழற்றினாள். காதிலிருந்து இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா, தலையிலிருந்து தண்ணீர் வடிகிறதா என்று சொல்ல முடியவில்லை.

“ஸ்டார்ட்ல எவ்வளவு போச்சு மிஸ்?”

“கொஞ்சந்தான்.”

“முதல்ல பிடிக்கப் போயித் தப்பாப் போச்சு. அப்ப எங்க பிடிச்சிருக்கணும்? நடுவுலயா, கடைசிலயா? அத நீங்க சொல்லித் தரவே இல்லையே.”

குரலில் சண்டை இருந்தது. பிளாவியா அவள் முகத்தைப் பார்த்தாள். அடுத்த போட்டிக்கு விசில் ஊதினார்கள். மேடைகளில் ஆட்கள் ஏறி நின்றார்கள், குதித்தார்கள், தண்ணீர் கலங்கி மறுபடி ஒழுங்குக்கு வந்தது.

“அத எங்கயும் பிடிக்க முடியாதுக்கா. மிச்சத்த அது இல்லாமத்தான் நீந்தணும்.”