எச்சில் விழாவில் சிவக்காத வாய்

வெகுகாலத்துக்கு முன்னால் வெண்ணாவல் நாட்டைக் கம்பீரமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி நாள் வெற்றிலை மென்றார். மீதி நாள் மனசுக்கு எது தோன்றியதோ அதைச் சட்டமாக்கினார்.

ஆற்றுக்கு அக்கரையில் கூட்டூர் நாடு. அங்கே ராஜா கிடையாது. நம் ராஜாவின் தாத்தா காலத்திலேயே அந்த ஜனங்கள் ஜமீன்தார்களைத் துரத்திவிட்டு, நிலமெல்லாம் பொது என்று சொல்லிவிட்டார்கள். தாத்தாவுக்கு வந்ததே கோபம். "ஒரு பிடி உப்பு அங்கே போகக் கூடாது, ஒரு வெற்றிலை இங்கே வரக் கூடாது. ஒரே மாசத்தில் காலில் வந்து விழுவார்கள்" என்றார். தாத்தா போய்ச் சேர்ந்தார், அப்பாவும் போய்ச் சேர்ந்தார், விழத்தான் ஒருவரும் வரவில்லை. ஆனாலும் வருஷாவருஷம் ராஜா படித்துறையில் நின்று, வெற்றிலை மென்று, அக்கரையைப் பார்த்துச் சிவக்கச் சிவக்கத் துப்பித் தடையைப் புதுப்பிப்பார். அதற்கு எச்சில் விழா என்று பெயர். மேளதாளம் எல்லாம் உண்டு.

மந்திரி தையல்நாயகிக்கு அந்த மேளத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் தங்கை வடிவாளுக்கு அக்கரை ஓடக்காரன் காத்தவன் மேல் ஆசை. இந்தக் கரையில் இவள், அந்தக் கரையில் அவன், நடுவே கத்திக் கத்தியே காதல். அவர்கள் கொஞ்சுவது இரண்டு நாட்டுக்கும் மனப்பாடம். நிச்சயதாம்பூலம் மாற்ற வேண்டுமானால் வெற்றிலை ஆற்றைத் தாண்ட வேண்டும். தாண்டினால் தலை போகும்.

"நீ மந்திரியா இருந்து என்னக்கா புண்ணியம்? என் தொண்டைதான் போச்சு" என்றாள் வடிவாள், கரகரத்த குரலில்.

மறுநாள் தையல்நாயகி சபையில் கேட்டே விட்டாள். "மகாராஜா, இந்தத் தடை எதற்காக?"

"தாத்தா போட்டது."

"அவர் எதற்காகப் போட்டார்?"

"அவர்கள் காலில் விழுவதற்காக."

"விழுந்தார்களா?"

"இன்னும் இல்லை. அதனால்தான் தடை நீடிக்கிறது."

"ஓஹோ. மருந்து கேட்கவில்லை என்பதற்காகவே அதே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்."

யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினார்கள்.

ஆலோசகர் சிங்கராயர் எழுந்தார். அக்கரையிலிருந்து துரத்தப்பட்ட ஜமீன்தார் ஒருவரின் பேரன். கோட்டைவாசல் தெரு முழுக்க அவர் சொந்தபந்தம்தான். ராஜா பவனி வந்தால் 'வாழ்க' கோஷம் அந்தத் தெருவில்தான் காதைப் பிளக்கும். தையல்நாயகிக்கு மந்திரி பதவி கிடைத்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"மகாராஜா, மந்திரியம்மா வீட்டுப் பெண் ஆற்றங்கரையில் நின்று கூவுவது ஊருக்கே தெரியும். இவர் அக்கரை ஆள். தடையை எடுத்தால் எங்கள் தெருவில் ஒரு தொண்டையும் திறக்காது."

கோஷம் போய்விடும் என்றதும் ராஜாவுக்கு முகம் வெளிறியது. "தையல்நாயகி, எச்சில் விழாவுக்குள் நீ தடைக்கு விசுவாசமானவள் என்று நிரூபி. தவறினால் உன் தங்கையைச் சிங்கராயர் மகனுக்கே கட்டிவைத்துவிடுவேன்."

வடிவாள் முகம் தையல்நாயகியின் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனாலும் குரல் அசையவில்லை. "தடையை இதுவரை யாரும் காக்காத மாதிரி காக்கிறேன், மகாராஜா. எல்லா வாசலிலும் சோதனை போடலாமா?"

சிங்கராயர் முந்திக்கொண்டார். "அரண்மனை வாசலிலும் போடலாமே. எங்களுக்கென்ன பயம்?"

அன்றைக்கே அரண்மனையின் பின்வாசலில் காவல் உட்கார்ந்தது. மறுநாள் காலை ராஜா வெள்ளி வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தால், உள்ளே எருமைக் காது மாதிரி தடித்த உள்ளூர் இலை. எவ்வளவு சுண்ணாம்பு தடவினாலும் சிவப்பேனா என்றது.

"நான் தினமும் போடும் கொழுந்து வெற்றிலை எங்கே?"

"எந்த ஊர்க் கொழுந்து, மகாராஜா?" என்று தையல்நாயகி கேட்டாள். பணியாட்கள் எல்லாரும் விட்டத்தைப் பார்த்தார்கள். ராஜாவும் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார்.

விழா வந்தது. ராஜா மென்றார், மென்றார், தாடை வலிக்க மென்றார். துப்பினார். பச்சையாக விழுந்தது.

"ஐயோ பாவம், ராஜாவுக்குப் பித்தம்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. மேளம் நின்றது.

"துப்புவதற்கு ஒரு நல்ல இலை இல்லையா இந்த நாட்டில்?" என்று ராஜா பல்லைக் கடித்தார்.

இதுதான் சமயமென்று சிங்கராயர் பாய்ந்து வந்தார். இடுப்பிலிருந்து ஈரத்துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். தளதளவென்று கொழுந்து. "நான் இருக்கும்போது உங்களுக்குக் குறை வருமா, மகாராஜா?"

ராஜா மடித்து வாயில் போட்டார். கண் சொக்கியது. வாய் சிவந்தது.

"சிங்கராயரே, இது எந்தத் தோட்டத்து இலை?" என்றாள் தையல்நாயகி.

பதில் அக்கரையிலிருந்து வந்தது. கத்திக் கத்திப் பழகிய தொண்டையாயிற்றே. "எங்க தோட்டத்து இலைதாங்க. அவரு ஆளுதான் தெனம் சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போறான்" என்றான் காத்தவன்.

ராஜாவின் வாய் நிறையச் சாறு. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"தடை ஏன் நீடிக்கிறது என்று கேட்டேனே, பதில் உங்கள் வாயிலேயே இருக்கிறது, மகாராஜா. இவருக்குக் கள்ள வியாபாரம், இவர் தெருவுக்குத் தாத்தா காலத்துக் கோபம், உங்களுக்குக் கோஷம். கஷ்டப்பட்டது என் தங்கை தொண்டை மட்டும்தான்."

ராஜா ஒரே மடக்காக விழுங்கினார். பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்: "எடுத்துவிட்டால் தாத்தா தோற்றுப்போன மாதிரி ஆகாதா?"

"அவர்களைத் தொல்லைப்படுத்தத்தானே தாத்தா நினைத்தார்? தடையால் அது நடக்கவில்லை. நம் கடைவீதி வியாபாரிகளை அனுப்பிப் பாருங்கள், தானாக நடக்கும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தடை அங்கேயே, அப்போதே போனது. ராஜாவின் முத்துமாலை தையல்நாயகி கழுத்துக்கு வந்தது. நிச்சயதாம்பூலத் தட்டு சிங்கராயர் தலைக்குப் போனது. அவரே அதைச் சுமந்துகொண்டு, முட்டளவுத் தண்ணீரில் ஓடத்தில் ஏறும்போது, கோட்டைவாசல் தெரு பழக்கதோஷத்தில் 'வாழ்க' என்று கத்திவிட்டது.

அக்கரையில் தட்டு மாற்றி முடிந்ததும், கூட்டூர் சபைத் தலைவர் வேலப்பர் தையல்நாயகியைத் தனியே அழைத்தார்.

"ரொம்ப சந்தோஷம், தாயே. ஆனா தடையை இப்படி ஒரேயடியா எடுக்கணுமா? கூரை ஒழுகினா தடை, கிணறு தூர்ந்தா தடைன்னு சொல்லியே ஓட்டிட்டோம். நாளைக்கு ஜனங்க கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

தையல்நாயகி அண்ணாந்து சபை மண்டபத்துக் கூரையைப் பார்த்தாள். ஓட்டை வழியே வானம் தெரிந்தது.

"கல்யாணம் ஐப்பசியில், இதே மண்டபத்தில்தான். மழைக்காலம், தலைவரே. முதலில் ஏணியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."