ஒரு பணத்துப் பகட்டு

முன்னொரு காலத்தில், முகம் பார்க்கும் கண்ணாடி அரண்மனைக்கு மட்டுமே வந்து இறங்கிய நாட்களில், கனகசேகரர் என்று ஒரு ராஜா இருந்தார். அவர் ஆண்ட நாட்டின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. கப்பலில் வந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சிம்மாசனத்துக்கு எதிரே நிறுத்தச் சொல்லி, ராஜா அதில் தன்னைப் பார்த்தார். அவர் நன்றாகத்தான் இருந்தார். பின்னால் வரிசையாகத் தெரிந்த சபைதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் வேட்டியில் வெற்றிலைக் கறை. இன்னொருவர் அங்கவஸ்திரம் பழைய தலையணை உறை மாதிரி கசங்கிக் கிடந்தது. கடைசித் தூணருகே விகடன் மருதப்பன் உட்கார்ந்திருந்தான். அவன் மேல்துண்டு என்ன நிறத்தில் நெய்யப்பட்டது என்று நெய்தவனாலேயே சொல்ல முடியாது.

ராஜா சட்டென்று திரும்பினார்.

"வருகிற பௌர்ணமியன்று பக்கத்து நாட்டுத் தூதர் வருகிறார். அன்று இந்தச் சபையில் ஒவ்வொருவரும் பெரும் செல்வந்தராகத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றாதவருக்கு மறுநாள் முதல் இங்கே இடமில்லை."

கண்ணாடி பார்த்தது ராஜா, வியர்த்தது மற்றவர்களுக்கு.

பிரதானி அனந்தநாயகர் மட்டும் வியர்க்கவில்லை. மருதப்பன் வாயைத் திறந்தால் ராஜா சிரிக்கிறார், தான் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுகிறார் என்பது அவருக்கு ஏழெட்டு வருஷத்து எரிச்சல். அவர் எழுந்து கைகூப்பினார்.

"அரசே, ஒரு விண்ணப்பம். கைநிறையப் பொன்னிருந்தால் யாரும் செல்வந்தராகத் தோன்றலாம். எதையும் சாமர்த்தியத்தால் சாதிப்பேன் என்பவர் நம் விகடர். அவர் ஒரே ஒரு பணம் செலவில் அதைச் செய்து காட்டட்டும். யாரிடமும் தானமோ இரவலோ வாங்கக் கூடாது."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் போதும். "நல்ல யோசனை! என்ன மருதப்பா, சம்மதமா?"

"சம்மதம் அரசே," என்றான் மருதப்பன். வேறு என்ன சொல்வான்? சம்மதமில்லை என்றால் அன்றைக்கே எழுந்து போக வேண்டியதுதான்.

அந்தக் காலத்து ஒரு பணத்தில் சின்னக் குடும்பம் நாலு நாள் சாப்பிடலாம். பட்டு வேட்டியைக் கடையில் பிரித்துக் காட்டச் சொல்லக்கூட அது போதாது. மருதப்பனுக்கு நிலம் நீச்சு கிடையாது. அவன் அப்பா சந்தையில் கயிறு விற்றவர். தூணருகே உட்காரும் அந்த ஒரு பலகையை அவன் வெறும் நாக்கை வைத்துச் சம்பாதித்திருந்தான். அது போனால் அவனுக்கு எதுவுமில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி வேலம்மையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நம்ம கதை முடிஞ்சது. நாளையிலிருந்து நானும் கயிறு விக்கப் போறேன்," என்றான்.

"எதுக்கு இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்திருக்கீங்க?" என்றாள் வேலம்மை. "நாம ஏழைன்னு எவன் சொன்னான்? கையில காசில்ல, அவ்வளவுதான். அந்த ஒரு பணத்த எங்கிட்ட குடுங்க."

"அத வச்சு என்ன பண்ணுவே?"

"அரிசி வாங்குவேன்."

மருதப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கொடுத்துவிட்டான். அந்த வீட்டில் அவன் வாய் அடைபடுகிற இடம் ஒன்று உண்டென்றால் அது அவள் முன்னால்தான்.

வேலம்மை அரிசி வாங்கினாள், மீதிக்கு அவுரி நீலம் கொஞ்சமும் சாம்பிராணி ஒரு கட்டியும் வாங்கினாள். ஆற்றங்கரைக்குப் போய் உவர்மண் அள்ளிவந்து, அவன் வேட்டியை அதில் ஊறவைத்துத் துவைத்தாள். பானையில் ஆவி கட்டி எடுத்து மறுபடியும் துவைத்தாள். சோற்றை வடித்த கஞ்சியில் நீலத்தைக் கலக்கி முக்கி, நல்ல வெயிலில் இழுத்துக் கட்டிக் காயவைத்தாள். தணல் நிரப்பிய பித்தளைச் செம்பால் மூலைக்கு மூலை தேய்த்தாள். எடுத்து உதறினால் வேட்டி பனையோலை மாதிரி சத்தம் போட்டது.

பிறகு பெட்டியிலிருந்து அவள் கல்யாணச் சேலை வந்தது. சேலை முழுக்க இற்றுப்போயிருந்தது. ஓரச் சரிகை மட்டும் அப்படியே மின்னியது. அதைப் பிரித்தெடுத்து, வெளுத்த மேல்துண்டின் ஒரு விளிம்பில் மட்டும் தைத்தாள். துண்டை விசிறி மாதிரி மடித்து அவன் தோளில் போட்டாள். மடிப்புக்கு மடிப்பு சரிகை அடுக்கடுக்காக வந்து விழுந்தது. துண்டு முழுவதும் சரிகையோ என்று நினைக்கத் தோன்றியது.

மருதப்பன் ஆசையாகத் தன் பித்தளை மோதிரத்தைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான்.

"அதக் கழட்டுங்க," என்றாள் வேலம்மை.

"ஏன்? தங்கம் மாதிரியே இருக்கே!"

"மாதிரி இருக்கறது ஒண்ணுகூட வேண்டாம். ஒரு பொய்யப் பார்த்துட்டாங்கன்னா, நெசமா இருக்கறதயும் நம்ப மாட்டாங்க. கழுத்துலயும் கையிலயும் ஒண்ணும் வேண்டாம். நெத்தியில சந்தனம் போதும். அப்புறம், தபதபன்னு ஓடாதீங்க. எல்லாரும் எனக்காகக் காத்திருப்பாங்கன்னு நெனச்சு நடங்க."

மருதப்பன் மோதிரத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள்ளேயே நாலு தடவை நடந்து காட்டினான். ஐந்தாவது தடவைதான் அவள் தலையை ஆட்டினாள். அப்போது அவளுக்குக் கண் கலங்கியது. தன் புருஷன் இவ்வளவு அழகு என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொரு சேதியும் அவள் சொன்னாள். உவர்மண் அள்ளப் போனபோது அரண்மனைச் சலவைத்துறையில் ஒரு வேடிக்கை பார்த்தாளாம். சலவைக்காரர் சடையன், வெளுத்து மடித்த பட்டு வேட்டி ஒன்றைப் பிரதானி வீட்டு ஆளிடம் ரகசியமாகக் கொடுத்தனுப்பினாராம். பிரதானிக்குப் பணத்துக்குப் பஞ்சமில்லை, செலவழிக்கத்தான் மனசு வராது. ஒரு நாள் உடுத்த எதற்குப் பட்டு வாங்குவது, மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டால் போகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

மருதப்பன் முகத்தில் ஏழு நாள் கழித்துச் சிரிப்பு வந்தது.

பௌர்ணமியும் வந்தது. தூதரை வரவேற்கச் சபையினர் வாசலில் வரிசையாக நின்றார்கள். அனந்தநாயகர் கழுத்தில் எட்டுச் சங்கிலி, பத்து விரலிலும் மோதிரம், இடுப்பில் கிளிப்பச்சைப் பட்டு. பார்த்தால் நகைக்கடையைக் காலி செய்துகொண்டு வந்தவர் மாதிரி இருந்தது. கடைசியில் மருதப்பன் நின்றான். வெள்ளை வேட்டி, தோளில் சரிகை, நெற்றியில் சந்தனம், மெல்லிய சாம்பிராணி வாசனை. வேறொன்றும் இல்லை.

தூதர் பல்லக்கிலிருந்து இறங்கினார். பிரதானியைக் கடந்தார், சேனாபதியைக் கடந்தார், நேரே மருதப்பன் முன்னால் வந்து நின்று குனிந்து வணங்கினார்.

"தாங்கள் மன்னரின் மைத்துனரோ?"

"இல்லை ஐயா," என்றான் மருதப்பன் நிதானமாக. "அந்தப் பாக்கியம் மன்னருக்கு இன்னும் கிட்டவில்லை. வாருங்கள், அவரிடம் அழைத்துப் போகிறேன்."

அழைத்தும் போனான், மன்னருக்குரிய மரியாதையுடன் அறிமுகமும் செய்துவைத்தான். ராஜாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. தூதரோ, "இப்படிப்பட்ட சபையை நான் கண்டதில்லை," என்று சொல்லிவிட்டு விருந்தினர் மாளிகைக்கு ஓய்வெடுக்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அனந்தநாயகர் எழுந்தார். எட்டுச் சங்கிலியும் குலுங்கின.

"அரசே, மோசடி! ஒரு பணத்தில் இந்தத் தோற்றம் வருமா? இவர் உடுத்தியிருப்பது எந்த வணிகர் வீட்டு வேட்டியோ! இரவல் துணியில் தங்கள் விருந்தினரையே ஏமாற்றிவிட்டார்."

ராஜாவின் முகம் மாறியது. "இரவலா? நிரூபணமானால் என்ன தண்டனை தரலாம்?"

"துணிக்குச் சொந்தக்காரரை வரவழைத்து, சபை நடுவிலேயே அவர் கையால் உருவச் சொல்லுங்கள்!"

"அப்படியே ஆகட்டும். இந்தச் சபையில் இரவல் துணி உடுத்தியவர் யாராயினும், அதன் சொந்தக்காரர் தம் கையாலேயே அதை உருவிக்கொள்ள வேண்டும். இது என் ஆணை."

மருதப்பன் கைகட்டிக் கேட்டான்: "'யாராயினும்' என்றீர்கள் அரசே. அந்தச் சொல் மாறாதே?"

"என் சொல் என்றைக்கு மாறியது?"

"அப்படியானால் சலவைக்காரர் சடையனை அழையுங்கள். ஊரில் வெளுக்கப் போகும் ஒவ்வொரு துணியின் மூலையிலும், இன்னார் வீட்டுத் துணி என்று சேராங்கொட்டைச் சாற்றால் குறி போட்டிருக்கும். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அது போகாது. எந்தக் குறி யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும்."

சடையன் வந்தார். முதலில் மருதப்பனின் வேட்டியை நாலு மூலையும் பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

"இதுல குறியே இல்லீங்க மகாராசா."

"பார்த்தீர்களா!" என்று குதித்தார் அனந்தநாயகர். "குறி இல்லாத துணி! திருடியதாகத்தான் இருக்கும்!"

"பிரதானியாரே," என்றான் மருதப்பன், "என் துணியை என் மனைவியே துவைக்கிறாள். வெளுப்பதற்குக்கூட அது வாசல் தாண்டியதில்லை. சரிகை அவளுடைய கல்யாணச் சேலையில் இருந்தது. அரிசியும் நீலமும் சாம்பிராணியும் ஒரு பணம். சோற்றை நாங்கள் சாப்பிட்டோம், கஞ்சியை வேட்டி குடித்தது. இதில் இரவல் எங்கே வந்தது?"

சபையில் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மருதப்பன் ராஜாவைப் பார்த்துத் தலை குனிந்தான்.

"ஆணை எல்லாருக்கும் என்பதால், அடுத்தவரையும் பார்த்துவிடலாம் அரசே. முதல் இருக்கையிலிருந்தே தொடங்குவதுதான் மரியாதை."

முதல் இருக்கையில் இருந்தவர் அனந்தநாயகர். "அரசே, எனக்கு உடம்பு சரியில்லை, விடைகொடுங்கள்," என்று எழுந்தார். எழுந்த வேகத்தில், இடுப்பில் செருகி ஒளித்திருந்த பட்டின் மூலை வெளியே வந்து தொங்கியது. பிறை ஒன்று, அதன் கீழே இரண்டு புள்ளி.

"யாருடைய குறி அது?" என்றார் ராஜா.

சடையன் தடாலென்று தரையில் விழுந்தார். "சாமி, மன்னிக்கணும். பிரதானியாரு ஆளு விட்டுக் கேட்டாரு. இல்லேன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. அது... மகாராசாவோட குறிங்க."

ராஜாவிடம் எத்தனை பட்டு வேட்டி இருந்தது என்று ராஜாவுக்கே தெரியாது. அவர் பிரதானியின் இடுப்பைப் பார்த்தார், தன் இடுப்பைப் பார்த்தார்.

மருதப்பன் மெல்லச் சிம்மாசனத்தருகே போய் வணங்கினான்.

"அரசே, ஆணைப்படி சொந்தக்காரர் எழுந்து வர வேண்டும். தம் கையாலேயே உருவிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பார்த்து உருவுங்கள். பிரதானியார் கூச்ச சுபாவம் உள்ளவர்."

ராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் ஒரு பக்கம் சரிந்து காதில் நின்றது. சேனாபதி சிரித்தார், வாசற்காவலன் சிரித்தான், தரையில் கிடந்த சடையனும் படுத்தபடியே சிரித்துவிட்டார். அனந்தநாயகர் மட்டும் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வைத்துக்கொள்ளுங்கள் பிரதானியாரே, வைத்துக்கொள்ளுங்கள்! அதை நான் உருவினால் என் மானமும் சேர்ந்து போகும்," என்றார் ராஜா கண்ணைத் துடைத்தபடி. "ஆனால் இன்று முதல் தூணருகே இருக்கும் கடைசிப் பலகை உங்களுக்கு. முதல் இருக்கை மருதப்பனுக்கு. சடையா, எழுந்திரு. இனி யார் கேட்டாலும் என்னைக் கேட்டுவிட்டுக் கொடு." பிறகு மருதப்பனிடம் திரும்பினார். "உன்னை இப்படி உடுத்திவிட்ட அம்மையார் எங்கே?"

"வாசலில் நிற்கிறாள் அரசே. எனக்கு இடம் மிஞ்சியதா என்று தெரிந்துகொள்ள."

வேலம்மையை உள்ளே அழைத்தார்கள். அவள் சாயம் போன நூல் சேலையில்தான் வந்தாள். ஆனால் தலை குனியாமல் வந்தாள். ராஜா ஒரு தட்டு நிறையப் பட்டு எடுத்துவரச் சொல்லி அவள் முன்னால் வைத்தார்.

"பட்டு வேண்டாம் மகாராசா," என்றாள் வேலம்மை. "குடுக்கறதுன்னா வெள்ளை வேட்டி இன்னொண்ணு குடுங்க."

"இன்னொன்றா? அது எதற்கு?"

"இவருக்கு இருக்கறதே இந்த ஒண்ணுதான். தொவச்சுப் போட்டா, காயிற வரைக்கும் துண்டக் கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்திருப்பாரு."

மருதப்பன் கூரையைப் பார்த்தான். ராஜா மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால் போன ஐப்பசி மழையில் ஐந்து நாள் வராமல், வாய்வுப் பிடிப்பு என்று சொல்லி அனுப்பினாயே...?"

"காயவில்லை அரசே," என்றான் மருதப்பன்.

இந்தத் தடவை கிரீடம் கீழேயே விழுந்துவிட்டது. ராஜா சிரித்துச் சிரித்து ஓய்ந்தபோது அவர் கண்ணில் இருந்தது வெறும் சிரிப்பு மட்டுமில்லை. தன் சபையிலேயே பெரிய செல்வந்தனாகத் தெரிந்தவனிடம் மாற்று வேட்டி இல்லை என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. நாளுக்கு ஒன்றாக முப்பது வேட்டியும், ஆற்றோரமாக இரண்டு காணி நிலமும் கொடுத்தார். அரண்மனை உடைச்சாலைக்கு அன்று முதல் வேலம்மைதான் அதிகாரி என்று அறிவித்தார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பதினெட்டு நாள் விடாமல் கொட்டியது. பதினெட்டு நாளும் மருதப்பன் மொடமொடக்கும் வெள்ளை வேட்டியில், ஓலைக்குடை பிடித்துக்கொண்டு, நடுத்தெருவில் நடந்து அரண்மனைக்குப் போனான். வேலம்மை தினமும் வாசலுக்கு வந்து நின்றாள். "எங்க வீட்டுக்காரரு சபைக்குப் போறாரு," என்று கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.