ஒட்டடைப்பட்டியின் வான்மறியல்

ஒட்டடைப்பட்டியில் போராடத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. எதற்குப் போராடுகிறோம் என்று நினைவு வைத்திருந்தவரும் இல்லை. அவர்களுடைய போராட்டச் சங்கத்தின் தலைவர் தங்கப்பழம். ஊர் ஓரமாகப் போகும் பஸ் அங்கே நின்றதே கிடையாது. "ஒரு வண்டியையாவது நிறுத்தாமல் சவரம் செய்யமாட்டேன்" என்று அவர் சபதம் போட்டதில் தாடி தொப்புளைத் தொட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். "இந்தப் புதரோட பந்தலுக்கு வந்தீங்கன்னா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அப்படியே திரும்பிப் போயிருவாங்க" என்று மனைவி சொர்ணம் சொல்லிவிட்டாள்.

அதற்கு முந்தின திங்கட்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். பளிச்சென்று ஒரு வெளிச்சம் மேற்கே கிளம்பி, சத்தமே இல்லாமல் ஊருக்கு நேர் மேலே கிழக்கு நோக்கிப் போனது.

"ஆளுங்க இருக்குற விண்வெளி நிலையமாம், நிக்காம போகுது, அண்ணாச்சி" என்றான் சங்கத் தொண்டன் கோயில்பிச்சை. "ஆரன்கூட அடிக்கல. பஸ்ஸாவது ஊர் ஓரமா போகுது. இது நம்ம தலைக்கு மேலயே போகுது. எது பெரிய அவமானம்?"

தங்கப்பழம் நெடுநேரம் தாடியைத் தடவினார். "இதுதான்."

பஸ் கோரிக்கை அங்கேயே கைவிடப்பட்டது.

சங்கத்தின் துண்டறிக்கையில் தெளிவாக இருந்தது: வண்டி போகும் பாதையில் படுத்துக்கொள்ளவும். மறுநாள் எல்லோரும் கூரைமேல் படுத்தார்கள். கோயில்பிச்சை பனை உச்சியில் தன்னைக் கட்டிக்கொண்டான்.

"அண்ணாச்சி, பாதை இன்னும் மேல இருக்கு!"

"முடிஞ்ச மட்டும் படு. மிச்சத்தை மேலிடம் பாத்துக்கும்."

வெளிச்சம் வந்தது, போனது. டிரைவர் தங்களைப் பார்க்கவில்லை என்று முடிவுகட்டி, அடுத்த நாள் சிவப்புச் சேலைகளைக் கொடியாக ஆட்டினார்கள். வெளிச்சம் கண்டுகொள்ளவில்லை. ரோட்டில் பஸ்தான் கிரீச்சென்று நின்றது.

"என்னவே, தீப்பிடிச்சிருக்கா? யாரும் ஏறுதீங்களா?" என்றார் கண்டக்டர்.

"மறியலைக் கெடுக்காதீரும், போவும்! நாங்க பெரிய வண்டிக்குப் படுத்திருக்கோம்" என்றார் கூரைமேலிருந்த தங்கப்பழம்.

சொர்ணம் கீழேயிருந்து கத்தினாள்: "வண்டி நின்னுட்டுல்லா! இறங்கி வந்து சவரம் பண்ணுங்க!"

"அது தானா நின்னது" என்றார் தங்கப்பழம். "தானா நின்னதெல்லாம் வெற்றி ஆகுமா?"

கல்யாணத்துக்கு முந்தின நாள் வானத்தை மேகம் மூடிக்கொண்டது.

"வரல அண்ணாச்சி!" என்று பனையிலிருந்து குரல் வந்தது. "பயந்து எங்கயோ நின்னுட்டு!"

ஊரே கோஷம் போட்டது. சவரத்துக்கு ஆள் வந்தது. இடது கன்னம் முடிந்த நேரம் மேகம் விலகியது. வெளிச்சம் சாவகாசமாக உச்சியைக் கடந்தது.

"கத்தியை நிறுத்தும்வே!" என்றார் தங்கப்பழம். கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மழித்த கன்னத்தை மாப்பிள்ளை வீட்டார் பக்கமும், தாடிக் கன்னத்தைத் தோழர்கள் பக்கமும் திருப்பி உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்து, பெண்ணுக்கு இரண்டு அப்பா என்று முடிவுசெய்து, மரியாதையாக இரண்டு இலை போட்டார்கள்.

தங்கப்பழம் இருவருக்குமாகச் சாப்பிட்டார். தாடிக்காரர் இலையில் பாயசம் குறைவு என்று கோயில்பிச்சைதான் முதலில் கண்டுபிடித்தான். பாயச வாளி வரும் பாதையில் ஊரே படுத்துக்கொண்டது.