உடனொழுகிய நாதர்

பூவிலங்குறிச்சிக் குளிர்ந்தநாதர் கோயிலுக்கு மதில் கிடையாது. கருவறையின் வடசுவரில் கல் கோமுகி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். சுவாமிக்கு ஆட்டிய நீரும் பாலும் அதன் வழியே விழுந்து, கால்வாயாக நந்தவனத்துக்கு ஓடும். கால்வாயில் படியும் எண்ணெய்ப் பிசுக்கையும் அழுகிய வில்வத்தையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவது குருவம்மையாரின் திருத்தொண்டு. யாரும் அவருக்கு இட்ட வேலையன்று. பிரதோஷத்தில் சுற்றி வருவோர், கோமுகியைத் தாண்டக்கூடாதென்று அங்கே வந்ததும் திரும்பிவிடுவர். மனிதர் திரும்பிப்போகிற இடம் என்பதாலேயே அம்மையார் அதைத் தமக்கென்று கொண்டார்.

பத்தொன்பதாம் வயதில் அவருக்குத் தலைப்பிரசவம். மூன்று நாள் வலி எடுத்தும் பிள்ளை இறங்கவில்லை. ஆற்றில் வெள்ளம்; வண்டி போக வழியில்லை. நான்காம் நாள் பிள்ளை உயிரின்றி வந்தது. அடுத்த வாரம் முதல் சிறுநீர் அவர் வசத்தில் இல்லை. நின்றாலும் படுத்தாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே தசை நைந்து ஓட்டை விழுந்துவிட்டது என்றார் மருத்துவச்சி. அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. கணவர் ஆறு மாதம் பொறுத்தார். பிறகு வேறு மணம் செய்துகொண்டார். ஊர் அம்மையாருக்கு 'ஒழுகல்' என்று பெயரிட்டது.

வலியைவிட வாசனைதான் அவரை வதைத்தது. எந்நேரமும் தம்மைத் தாமே முகர்ந்தபடி வாழ்ந்தார். எதிரில் வருபவர் மூக்கைச் சொறிந்தாலும் தம்மாலோ என்று ஒடுங்கினார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. பதினோராண்டாகக் காணாத சுவாமியை ஒருமுறை உள்ளே போய்க் காண வேண்டும். அதற்குச் சொட்டாத ஒரு நாழிகை வேண்டும்.

கத்திரி வெயில் நாள்களில் சுவாமிக்கு மேலே தாராபாத்திரம் கட்டுவர். அடியில் துளையுள்ள அந்தச் செம்புப் பாத்திரத்திலிருந்து பகல் முழுதும் நீர் சொட்டும், கோமுகியிலும் சொட்டும். அந்த ஓசையோடு அம்மையார் பேசுவார்.

"ஒமக்கும் நிக்க மாட்டேங்குது, எனக்கும் நிக்க மாட்டேங்குது. ஒம்மோடத மட்டும் தீர்த்தம்ங்கிறாக."

அந்த ஆண்டு, கத்திரி முடியும் நாளில் உள்ளே போய்விடுவதென்று முந்தின நாள் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடாமல் இருந்தார். குடித்தால்தானே ஒழுகும்? நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. சிறுநீர் குறைந்து நெருப்பாய் எரிந்தது, ஆனால் நிற்கவில்லை. வாசற்படிவரை வந்தவர், காலில் ஈரம் இறங்குவதை உணர்ந்து திரும்பினார். "என்னால ஆகல சாமி" என்று வடசுவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மறுநாளும் தண்ணீர் குடிக்கத் தோன்றவில்லை.

அன்று காலையில் பாத்திரத்தை இறக்கியாயிற்று. குருக்கள் கருவறையைத் துடைத்துப் பூட்டிப் போனார். பிற்பகலில் பூப்பறிக்க வந்த அஞ்சுகம் என்பவள், கோமுகிக்குக் கீழே கல் நனைந்திருக்கக் கண்டாள். பக்கத்தில் அம்மையார்.

"அடி ஒழுகல்! சாமி பக்கத்துலயே போயிட்டியா? பாத்திரத்த எறக்கியாச்சு, உள்ள பூட்டியாச்சு. பெறகு இது எந்தக் கெணத்துத் தண்ணி?"

சத்தம் கேட்டுக் கூடியவர்கள் சிரித்தனர். "நந்தவனத்துக்கு இனி ஏத்தம் எறைக்க வேண்டாம்" என்றார் ஒருவர்.

அம்மையார் மறுக்கவில்லை. தம்முடையது எது, தம்முடையது அல்லாதது எது என்று உடல் அவருக்குச் சொல்வதை நிறுத்திப் பதினோராண்டு ஆகியிருந்தது.

"என்னுதாத்தான் இருக்கும் மதினி. மன்னிச்சிருங்க."

முந்தானையால் கல்லைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க நனைந்தது. அப்போதுதான் அஞ்சுகம் நிமிர்ந்து பார்த்தாள். கோமுகியின் வாயிலிருந்து ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று.

குருக்கள் ஓடிவந்து பூட்டைத் திறந்தார். மேலே வெறும் சங்கிலி தொங்கியது. கீழே, காலையில் துடைத்துவிட்டுப் போன சிவலிங்கத் திருமேனி முழுதும் கசிந்து, நில்லாமல் சொட்டிக்கொண்டிருந்தது. துணியால் ஒற்றினார், நிற்கவில்லை. நனைந்த விரலை முகர்ந்தார். அது தீர்த்தத்தின் மணம் அன்று. பதினோராண்டாக அவர் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு கடந்து சென்ற மணம்.

அவர் வெளியே வந்தார்.

"குருவம்மா, உள்ள வாம்மா."

"சொட்டுதே சாமி."

"அவருக்கும்தாம்மா சொட்டறது."

ஈரச் சுவடு பதிய அம்மையார் உள்ளே போனார். நிறுத்தித் தரும்படி கேட்க வேண்டுமென்று எண்ணியிருந்தார். கண்டதும் கேட்க வாய் வரவில்லை. தம் உடம்புக்கு நேர்ந்ததைத் தம்மோடு சேர்ந்து ஒருவர் தாங்குவதை அவர் அதுவரை அறிந்ததில்லை. நெடுநேரம் அழுதார். பிறகு குருக்கள் கொடுத்த செம்பு நீரை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

அவருக்குச் சொட்டுவது அன்றும் நிற்கவில்லை, சாகும்வரை நிற்கவில்லை. அதைத் தைத்து மூடலாம் என்று சொல்ல ஒரு மருத்துவர் அவர் காலத்தில் அந்த ஊருக்கு வரவே இல்லை. ஆனால் குளிர்ந்தநாதரை அன்றுமுதல் உடனொழுகிய நாதர் என்றே ஊர் அழைக்கிறது. வசையாய் வந்த சொல்லை இறைவனே தன் பெயரில் ஏற்கும்படி வாழ்ந்த குருவம்மையாரின் ஈரச் சுவடுகள் நம் தலைமேல் இருக்கட்டும்.