புள்ளி கேட்ட கேள்வி

ஒரு விண்ணோக்குக் கூடத்தின் கணினியில், வானத்துப் படங்களைத் துலக்கும் மென்பொருளுக்குள் சில கருவிகள் குடியிருந்தன. மங்கலைத் தீட்டிக் காட்டுவது கூர்மை. மாசைத் துடைப்பது மென்மை. இருட்டிலிருந்து வெளிச்சத்தை இழுத்து வருவது பெருக்கி. ஓரமாகப் பதிவும் இருந்தது. யார், எந்த வரிசையில், எவ்வளவு கைவைத்தார்கள் என்று எழுதுவதே அதன் வேலை.

அதனால் அதை யாருக்கும் பிடிக்காது. "வந்துட்டான்யா கோள்மூட்டி" என்று கூர்மை முணுமுணுக்கும்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். முயன்று பார்க்கும்போது பதிவை அணைத்து வைப்பார்கள்; படம் சரியாக வந்த பிறகுதான் எழுப்புவார்கள். "சமைக்கும்போது அடுப்படிக் குப்பையை எல்லாமா எழுதி வைப்பாங்க? இலை போட்டப்புறம் கூப்பிட்டா போதும்" என்பார் மேலதிகாரி சிதம்பரதாணு. ஆய்வாளர் பியூலாவுக்கும் அது வசதியாகவே இருந்தது.

ஒருநாள் அவள் ஒரு படத்தைப் பெருக்கினாள், துடைத்தாள், தீட்டினாள். பிடிக்காததை நீக்கிவிட்டு மறுபடி தீட்டினாள். மூலையில் ஒரு புள்ளி எழுந்தது. எந்த அட்டவணையிலும் இல்லாத நட்சத்திரம்.

"சார், சீக்கிரம் வாங்க!"

சிதம்பரதாணு திரைக்குள் தலையை நுழைக்காத குறையாகப் பார்த்தார். "ஏ பியூலா, கொடுத்து வச்சவ நீ! பதிவைப் போட்டுச் சேமிச்சிரு."

பதிவு கண் விழித்தது. படத்துக்குப் பெயர் வைத்தார்கள், சேமித்தார்கள். அந்த இரண்டை மட்டும் அது எழுதியது.

உள்ளே ஒரே ஆர்ப்பாட்டம்.

"நான் தீட்டலேன்னா அது ஏது?" என்றது கூர்மை.

"நான் மாசைத் துடைக்கலேன்னா நீ எதைத் தீட்டியிருப்ப?" என்றது மென்மை.

"இருட்டுக்குள்ள கைவிட்டது யாரு? நான்!" என்றது பெருக்கி.

பியூலாவின் கட்டுரை அச்சுக்குப் போகவிருந்த வாரத்தில், வேறொரு நாட்டுக் கூடத்திலிருந்து கேள்வி வந்தது. "அதே இடத்தைப் பார்த்தோம், புள்ளி தென்படவில்லை. படத்தை எப்படித் துலக்கினீர்கள்?" மின்னி மறையும் நட்சத்திரங்கள் உண்டு. ஆகவே இனி வானத்தைப் பார்த்தும் முடிவு கட்ட முடியாது.

பியூலா மூலப்படத்தைத் திறந்தாள். இம்முறை பதிவு விழித்திருந்தது. அன்று எதை எவ்வளவு வைத்தாள் என்பது நினைவில் இல்லாததால், வரிசையையும் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். புள்ளி வரவில்லை.

கருவிகளின் குரல் இறங்கியது.

"அந்த மூலைப் பக்கமே நான் போகலை" என்றது கூர்மை.

"நான் துடைக்கிறவன். முளைக்க வைக்கிறவன் இல்லை" என்றது மென்மை.

"கிடைச்சதைப் பெருக்கினேன். என்னை விட்டுரு" என்ற பெருக்கி, பதிவின் பக்கம் திரும்பியது. "எழுதுறதுதானே உன் பொழப்பு? நீ சொல்லேன்."

"நான் விழிச்சப்போ அது இருந்தது" என்றது பதிவு. "அதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னா, நான் பதிவே இல்லை."

வெளியே சிதம்பரதாணு குரலைத் தாழ்த்தினார். "ஏதாவது ஒரு வரிசையை எழுதிக் கொடுத்திரலாமா?"

"எது நிஜம்னு எனக்கே தெரியாது சார். எதை எழுத?"

பியூலா கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். பிறகு சேமித்த படத்தை ஒருமுறை திறந்து பார்த்தாள். அவள் அதை மூடப் போகையில், அதுவரை வாய் திறக்காத புள்ளி கருவிகளைப் பார்த்துக் கேட்டது:

"நான் வானத்தில் இருந்தேனா?"

பதிவு கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டது.