படகு இருந்த துண்டு

சென்னப்பட்டணத்தில் படம் போட்ட வாரப் பத்திரிகை வரத் தொடங்கிய காலம். எழுத்துத் தெரியாதவர்களும் அதைக் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் படங்களை மரக்கட்டையில் செதுக்கிக் கொடுத்தவள் சந்தோஷம்மாள். ஒரு பாதிரியாரின் மனைவியிடம் அந்த வேலையைக் கற்றவள்.

அவளிடம் சீடராக வந்து சேர்ந்தவர் வடமலை ஆசாரி. அவளைவிட வெகுவாக மூத்தவர். செங்கல்பட்டுப் பக்கத்தில் கதவும் கலப்பையும் செய்துகொண்டிருந்தார். பஞ்சத்தில் கதவு செய்யச் சொல்ல ஆளில்லாமல் போகவே பட்டணம் வந்தார். வயதைப் பார்க்காமல் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

பெரிய படம் என்றால் கட்டை ஒன்றாக இருக்காது. சிறு துண்டுகளைத் திருகாணியால் சேர்த்திருப்பார்கள். ஓவியர் அதன்மேல் வரைந்து முடித்ததும், சந்தோஷம்மாள் துண்டுகளைக் கழற்றி, தன்னிடம் செதுக்குகிறவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுப்பாள். ஆசாரிக்கு எப்போதும் வானம் வரும், இல்லையென்றால் தண்ணீர் வரும்.

ஒரு வாரம், தென்னாப்பிரிக்காவில் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிப் போகும் கப்பலைப் படமாகப் போடுவதென்று முடிவாயிற்று. தூரத்தில் கப்பல். நடுவில், அலை தாண்டிக் கப்பலுக்குப் போகும் படகு. படகு நிறைய ஜனங்கள்.

"படகு இருக்கிற துண்டை எனக்குக் கொடுங்க அம்மா" என்றார் ஆசாரி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என் மகள் அப்படி ஒரு படகிலே போனவ."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மகள் பெயர் சின்னம்மை. பஞ்சத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, அப்பனிடம் சொல்லாமல் ஆள் பிடிப்பவர்களோடு கிளம்பிவிட்டாள். சேதி கேட்டு இவர் கடற்கரைக்கு ஓடி வந்தபோது படகு அலையைத் தாண்டியிருந்தது. தலைகள் மட்டும் தெரிந்தன. எது அவள் தலை என்று தெரியவில்லை.

சந்தோஷம்மாள் அந்தத் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

ஓவியர் படகில் இருந்தவர்களுக்கு முகம் எழுதவில்லை. பென்சிலால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார். ஓரத்தில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தியை ஆசாரி தம் மகளாக வைத்துக்கொண்டார். மற்றவர்களைச் சீக்கிரம் முடித்தார். அவளிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. அரிசி அளவுகூட இல்லாத இடம். கண், மூக்குத்தி, கன்னத்து அம்மைத் தழும்பு, சிரிக்கும்போது ஒரு பக்கம் ஏறும் உதடு, இதில் எதையும் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. சிற்றுளியை எடுப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார்.

மை தடவித் தாளில் ஒற்றிப் பார்த்தார்கள். மற்ற முகமெல்லாம் விழுந்திருந்தது. அவள் முகம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொத்தல்தான் இருந்தது.

செதுக்கிய இடம் மை வாங்காது, செதுக்காமல் விட்ட இடம்தான் கறுப்பாக விழும். முதல் நாளே அவர் கற்ற பாடம் அது.

"ரெண்டாவது தடவையும் தவறவிட்டுட்டேன்" என்று அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சந்தோஷம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. கெட்டுப்போன இடத்தைத் துளையிட்டு எடுத்தாள். புது மரத்தில் ஒரு முளை சீவி, அந்தத் துளையில் அடித்து இறக்கி, மட்டமாகத் தேய்த்தாள். ஆசாரி சிற்றுளியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. கட்டையை அப்படியே அச்சுக்கு அனுப்பினாள்.

பத்திரிகையில் அந்தப் பெண்ணின் தோளும் முக்காட்டின் ஓரமும் இருந்தன. உள்ளே கறுப்பு.

சில நாள் கழித்து, கொத்தவால் சாவடியில் மூட்டை சுமக்கும் முனியப்பன் என்பவர் அச்சுக்கூடத்தைத் தேடிக்கொண்டு வந்தார். மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். இதைச் செய்தவர் யார் என்று கேட்டார். ஆசாரியைக் காட்டினார்கள்.

"இது என் தங்கச்சிங்க" என்று அந்த முக்காட்டின்மேல் விரலை வைத்தார். "ஐயா அவளைப் பார்த்தீங்களா? அழுதுக்கிட்டா இருந்தா?"

அது என் மகள் என்ற சொல் ஆசாரியின் நாக்கு வரை வந்தது. தாளைப் பார்த்தார். வந்தவரின் முகத்தைப் பார்த்தார்.

"அழலீங்க. கரையைப் பார்த்துக்கிட்டே போனாங்க."

முனியப்பன் தாளை மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஆசாரி வெகுநேரம் வேலையில் கை வைக்கவில்லை. பிறகு சந்தோஷம்மாளிடம் போய் நின்றார்.

"அவர் தங்கச்சியை நான் கண்ணாலே பார்த்ததில்லை. பொய் சொல்லி அனுப்பிட்டேன் அம்மா. அது என் சின்னம்மைதானே?"

"உங்களுக்கு அதிலே அவ தெரியுறாளா?"

"தெரியுறா. மூக்குத்திகூடத் தெரியுது."

சந்தோஷம்மாள் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

"அந்த முளையிலே நீங்களும் உளி வைக்கல, நானும் வைக்கல, ஆசாரியாரே."