பொதிக்குறிச்சியில் நடாத தூண்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வரும் என்று பெயர் சொல்லாமலே விட்டுவிட்ட ஒரு நாட்டில், ராஜா ஒருவர் அயல்நாட்டுத் தூதரோடு பெருவழியில் போனார். வழியில் பொதிக்குறிச்சி. கடைத்தெருவில் முப்பது கடைகள். ஆறுதான் திறந்திருந்தன; மற்றதெல்லாம் பூட்டு.

"இங்கே ஏதும் கொள்ளைநோயா?" என்று தூதர் கேட்டார்.

அந்த ஒரு கேள்வி ராஜாவுக்கு முள்ளாகக் குத்தியது. மறுநாள் சபையில் சொன்னார்: "அந்தத் தெருவுக்கு உயிர் வரவேண்டும். அரண்மனை மானியம் தருகிறேன். என்ன செய்யலாம்?"

பிரதானி திருமேனிநாதர் எழுந்தார். "தெரு நடுவே இருபது முழத்தில் ஒரு விளக்குத்தூண், மகாராஜா. அதில் தங்கள் திருநாமம். சுவர்களுக்கெல்லாம் காவியும் வெள்ளையும். பார்ப்பவர்கள் மயங்கி நிற்பார்கள்."

"வண்டிமாடு மயங்குமா, பிரதானியாரே?" என்றான் விகடகவி வேம்பையன்.

சபை சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"மாடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் வண்டிக்காரன் நிற்பான். அவன் நின்றால்தான் கடை. பொதிக்குறிச்சி ஊருணி வற்றி ஐந்து வருஷம் ஆகிறது. மாடெல்லாம் பிரதானியாரின் சத்திரத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அல்லவா போகிறது?"

பிரதானியின் முகம் கறுத்தது. பெருவழி ஓரத்தில் கிணறு வெட்ட வேண்டுமானால் அரச முத்திரை வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். முத்திரை இருந்தது பிரதானியிடம். பொதிக்குறிச்சிக்கு அவர் அதை வைக்கவே இல்லை.

"விகடகவிக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே. வேலையை அவரிடமே விடலாம், மகாராஜா. ஆனால் ஆணையோலையில் இருப்பதற்கு மேல் ஒரு கல்லும் கூடாது. கெட்டித் தரை எட்டும்வரை அஸ்திவாரம் தோண்டாமல் தூண் நடவும் கூடாது. தங்கள் பெயர் தாங்குகிற தூண் சாயலாமா? தைப்பூசத்தன்று தாங்கள் வந்து பாருங்கள். தெருவில் வியாபாரம் இல்லையென்றால் அந்த மனைகளை யானைக்கொட்டிலுக்கு விட்டுவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

பொதிக்குறிச்சி மணல்பூமி. தோண்டத் தோண்டச் சரியும். மானியம் முழுவதும் குழியிலேயே போய்விடும், தூண் எழும்பாது என்று பிரதானிக்குத் தெரியும். வேம்பையனுக்கும் தெரியும்.

அவன் போய் இறங்கியபோது கயிற்றுக்கடை உமையாள் வாசலில் உட்கார்ந்து கிணற்றுத் தாம்புக்கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். வாங்க ஆள் இல்லாத கயிறு அவள் பின்னால் மலையாகக் குவிந்து கிடந்தது.

"வாங்க சாமி. எங்களச் சிரிக்க வைக்க வந்தீகளா?"

"குழி தோண்ட வந்தேன் ஆத்தா."

"ஆறு வீட்டுக்கும் சேத்து ஒரே குழியா? நல்லதுதான். வேலை மிச்சம்."

வேம்பையனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரைச் சிரிக்க வைத்தே வயிறு வளர்த்தவன் அவன்.

"யானைக்கொட்டில் வருதாமில்ல?" என்றாள்.

"தைப்பூசம் வரைக்கும் வராது."

"அதுக்கு மேல?"

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெரு நடுவே போனான்.

தோண்டினார்கள். ஆறு வீட்டு ஆண்களும் பெண்களும் மண் சுமந்தார்கள். பத்து முழத்தில் பக்கம் சரிந்து ஒருவனுக்குக் கால் முறிந்தது. தூணுக்கென்று வந்து இறங்கியிருந்த கல்லையெல்லாம் வேம்பையன் குழியின் சுற்றுச்சுவருக்கே அடுக்கச் சொன்னான். பதினைந்து முழம் போனபோதும் உலர்ந்த மணல்தான் வந்தது. எண்ணெய்க்கடைக்காரர் குடும்பம் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. யாரும் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது?

பத்தொன்பதாவது முழத்தில், கீழே நின்றவனின் பாதம் நனைந்தது.

தைப்பூசத்தன்று ராஜா வந்தார். சுவர்களில் காவியும் வெள்ளையும் பளிச்சென்று இருந்தன. தெரு நெடுகிலும் வண்டிகள் அவிழ்த்து நின்றன. மாடுகள் வரிசையாகத் தலை கவிழ்த்து மரத்தொட்டிகளில் குடித்துக்கொண்டிருந்தன. ஐந்து கடைகளோடு புதிதாகத் திறந்த மூன்றும் சேர்ந்து எட்டிலும் ஆள் நின்றார்கள்.

"தூண் எங்கே?" என்றார் ராஜா.

"அஸ்திவாரத்திலேயே இருக்கிறது, மகாராஜா."

பிரதானி குழியை எட்டிப் பார்த்தார். "இது கிணறு. முத்திரை இல்லாமல் வெட்டிய கிணறு. இவனுக்கு என்ன தண்டனை என்று தங்களுக்கே தெரியும்."

"கிணறா? தண்ணீருக்காகத் தோண்டினால் அது கிணறு. நான் தூணுக்காகத் தோண்டினேன். தண்ணீர் குறுக்கே வந்துவிட்டது. அதை அள்ளித் தீர்க்காமல் கெட்டித் தரை தெரியாது. கெட்டித் தரை தெரியாமல் தூண் நடக்கூடாது என்பது பிரதானியாரின் நிபந்தனை."

"அள்ளுவதுதானே?" என்றார் பிரதானி.

"அள்ளுகிறோம். அள்ளுகிற தண்ணீரை எங்கே கொட்டுவது என்று ஆணையோலையில் இல்லை. அதனால் மாடுகளைக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன்."

ராஜா குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். உமையாள் இழுத்துக்கொண்டிருந்த கயிறு பாதியில் நின்றது. மாடுகள் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எப்போது குடித்து முடிக்கும்?" என்றார் ராஜா.

"காலையிலிருந்து நாற்பது வண்டி வந்திருக்கிறது. தண்ணீர் குறைகிற வழியாக இல்லை. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன், மகாராஜா."

முதலில் ராஜாவின் தோள்தான் குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரதானியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

"தூண் அவசரமில்லை. மாடுகள் மெதுவாகவே குடிக்கட்டும். யானைகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்" என்றார் ராஜா. "பிரதானியாரே, அந்த முத்திரையை எடும். இனி அது வேம்பையனிடம் இருக்கும்."

மறுநாள் காலையில் முத்திரைப் பெட்டி அவன் வீட்டுக்கு வந்தது. கூடவே ஒரு பெரிய ஓலைக்கட்டும் வந்தது. கிணறு வெட்ட முத்திரை கேட்டு ஊர்கள் பிரதானிக்கு அனுப்பிய ஓலைகள். அதுவரை கட்டு அவிழ்க்கப்படவே இல்லை. அரண்மனை ஓலைக்காரர் சடகோபர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"மேலைத்துறை?"

"இருக்கிறது ஐயா. நாலைந்து வீடு."

"நெடுங்கரை?"

"எழுதியவர் போன ஆவணியில் காலமாகிவிட்டார். ஊர் இருக்கிறது."

"கள்ளிவயல்?"

"அங்கே இப்போது யாரும் இல்லை ஐயா. மூன்று தடவை எழுதினார்கள். பிறகு போய்விட்டார்கள்."

வேம்பையன் அந்த ஓலையிலும் முத்திரையை அழுத்தினான்.

"இது யாருக்கு ஐயா?"

"போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வழியாக இன்னும் மாடு போகிறதல்லவா?"

சடகோபர் அடுத்த ஓலையை எடுத்துக் கொடுத்தார். கட்டு பாதிகூடக் குறையவில்லை.